நொண்டிப்பயலைக் கொன்றது நான்தான்

புத்தகத்தில் சாகாத ஒரு டிராகனை, என் அம்மாவைத் தண்டிப்பதற்காக நான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். வெறும் கதைதானே என்று நீங்கள் சிரிக்கலாம்... முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். அம்மா தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எந்த மொழியிலும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பாயான் பாரு தொழிற்சாலையில் தரை துடைத்து என்னைப் படிக்க வைத்தாள்.

பதினேழு வயதில் அந்த ஆங்கில நாவல் என்னைப் பைத்தியமாக்கியது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில், அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். நான் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பேன். சிறகு ஒடிந்த ஒரு டிராகன். முட்டையிலிருந்து அதை வளர்த்த ஒரு சிறுமி. டிராகனின் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. நொண்டிப்பய என்று வைத்துக்கொண்டாள். ஒருநாள் வேலை முடிந்து வந்ததும் சொன்னாள்:

"பஸ்ல வரும்போது பார்த்தேன்மா, கொடிமலை முழுக்க மேகம். நம்ம நொண்டிப்பயதான் மேல படுத்துக்கிட்டு மூச்சு விடுறான்."

நான் எழுத்துகளைப் பார்த்தேன். டிராகனைப் பார்த்தவள் அவள்! அதற்காகவே அவள்மீது எனக்குள் ஓர் எரிச்சல் இருந்ததோ...?

ஒருநாள் என் வகுப்புத் தோழிகள் வீட்டுக்கு வந்தார்கள். ஆங்கிலத்திலேயே சிரிக்கிற வசதியான பெண்கள். தேநீர் கொண்டுவந்த அம்மா ஆவலை அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்: "நொண்டிப்பய கூண்டுலேருந்து தப்பிச்சிட்டானாம்மா? நேத்து பாதியில விட்டுட்டியே!"

"ஐயோ, உங்கம்மா சோ கியூட் லா! பேபி மாதிரி டிராகன் கதை கேக்குறாங்க!" என்றாள் ஒருத்தி.

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலை அவளாகவே வெங்காயத்தோடு வந்து அருகில் அமர்ந்தாள். நான் புத்தகத்தைத் திறந்தேன். கூண்டு உடைந்து அவன் பறக்கிற பக்கம் அது. என் கண் அதில்தான் இருந்தது. என் வாய் வேறு சொன்னது. ஈட்டி பாய்ந்தது என்றேன்.

அம்மாவின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது.

"யாரு குத்துனா?"

"வளர்த்தாளே, அந்தப் பொண்ணுதான்."

"அவளா...? ரொம்ப வலிச்சிருக்குமா?"

"ரொம்ப நேரம் துடிச்சானாம்."

ஏன் அதையும் சொன்னேன்? ஈட்டியே போதாதா? போதவில்லை! அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்கு இனித்தது. இதோ, சொல்லிவிட்டேன்... இனித்தது.

அதன்பின் அவள் கதை கேட்கவே இல்லை. மேகத்தைப் பற்றியும் பேசவில்லை.

இன்று நான் ஆசிரியை. சனிக்கிழமைகளில் ஜார்ஜ்டவுனில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். கற்பனையின் அருமையைப் பற்றிப் பெற்றோரிடம் முழங்குகிறேன். கைதட்டுகிறார்கள்!

போன சனிக்கிழமை அதே நாவலைப் பையில் வைத்தேன். அம்மா அட்டைப்படத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நானும் வரட்டுமா? பின்னால ஓரமா உக்காந்துக்கிறேன்."

"சின்னப் பிள்ளைங்க கூட்டம்மா. உனக்கு ஒன்னும் புரியாது."

தலையாட்டினாள். வாசல்வரை வந்தாள்.

"ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? அவன் செத்துப்போறத அந்தப் பிள்ளைங்ககிட்ட படிக்காதே. பாவம், தாங்காதுங்க. பொழைச்சுப் பறந்து போயிட்டான்னு நீயா மாத்திச் சொல்லிடு. படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியாததா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வரி! ஆனால் சொன்னால், இந்த வீட்டின் ஒரே படித்தவள் பொய்க்காரியாகிவிடுவாளே...

"சரிம்மா" என்று படியிறங்கினேன்.

பிள்ளைகளுக்கு உள்ளதை உள்ளபடியே வாசித்தேன். கூண்டு உடைந்தது. நொண்டிப்பயல் பறந்தான். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்.

வீடு திரும்பியதும் அம்மா கேட்டாள்: "மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்" என்றேன்.