கிடங்கு வீட்டில் பெண் பார்த்தது

நான் வாங்கிய வீட்டுக்கு அறைகள் கிடையாது. தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் பழைய நெல் கிடங்கு ஒன்றைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்புச் சுவரையும் தேக்கு உத்திரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, நாலு வீடாகப் பிரித்து விற்றார்கள். அதில் ஒன்று என் பெயரில் இருக்கிறது. நுழைந்தால் ஒரே கூடம். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் சோபா, நடுவில் இரும்புத் தூண்கள். பாதி உயரத்தில் பலகை அடித்து ஒரு மேல்தளம், அங்கேதான் கட்டில். ஏறுவதற்கு இரும்புப் படி. இந்த மாதிரி வீட்டுக்கு லாஃப்ட் என்று பெயர் என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது, "அண்டா குண்டான் போட்டு வைக்கிற இடத்தையா காசு குடுத்து வாங்கின?" என்று கேட்டாள். சுவர் இல்லாமல் இருப்பதற்குக் கூடுதல் விலை என்பதை அவள் இன்றுவரை நம்பவில்லை.

அப்பாவும் அம்மாவும் கீழ்வேளூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள். அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும், பிறகு சொந்தமாக நாலு மா நிலம் வாங்கியும் என்னைப் பல் மருத்துவராக்கியவர்கள். வெளிச்சம் அடித்து அடுத்தவர் வாய்க்குள் பார்ப்பது என் தொழில். அந்த வாயிலிருந்து வருகிற பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தக் குழப்பத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர் கும்பகோணத்துக்காரர். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். தரகர் கொண்டுவந்த வரன்தான் என்றாலும், சில மாதங்களாக நாங்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சுற்றி வளைப்பானேன், நன்றாகவே பிடித்துவிட்டது. ஒருநாள் வீட்டை வீடியோவில் காட்டினேன். "கல்யாணத்துக்கு அப்புறம் இங்கயே இருந்துடலாங்க. பஸ்ஸுல போயிட்டு வர்றது எனக்கு ஒரு விஷயமே இல்ல," என்றார். அந்த உத்திரத்துக்குக் கீழே ஒரு புத்தக அலமாரி வைக்கலாமா என்றுகூடக் கேட்டார். அன்றைக்கு முழுவதும் நான் அளவு நாடாவும் கையுமாகத் திரிந்தேன்.

முறைப்படி பெண் பார்க்க வர வேண்டும் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். ஊரில் எங்கள் வீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்ததால் தஞ்சாவூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அவர், அவருடைய அம்மா, தாய்மாமா, அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் முதல் நாளே வந்துவிட்டார்கள். குழப்பமும் அவர்களோடேயே வந்துவிட்டது.

பெண் பார்க்க வருகிறவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வெயிலைப் பற்றியும் மேட்டூரில் தண்ணீர் திறந்ததைப் பற்றியும் பேசி முடிக்கும்வரை பெண் உள்ளே இருக்க வேண்டும். கூப்பிட்ட பிறகு காபித் தட்டோடு வெளியே வர வேண்டும். இந்த வீட்டில் உள்ளே என்பது எது, வெளியே என்பது எது? அப்பா காலையிலிருந்து தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாப்பா, நீ எங்க நிப்ப?"

"இங்கதாம்பா, அடுப்புகிட்ட."

"அது அவங்க கண்ணுக்கு நேரால்ல இருக்கு?"

மேல்தளத்தில் இருக்கலாம் என்றால், வந்தவர்கள் தலைக்கு மேலே பெண் உட்கார்ந்திருப்பதா? தவிரவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தட்டோடு அந்தப் படியில் இறங்கினால் காபி யார் மடியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கடைசியில் அம்மா தன் பையிலிருந்து ஒரு நூல் புடவையை எடுத்து இரண்டு தூண்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினாள். "இதான் உள்ள. நில்லு," என்றாள்.

நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு சன்னல் இருப்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. வெயில் அடித்ததில் என் நிழல் முழுசாகப் புடவையில் விழுந்திருக்கிறது. நான் கொசுவத்தைச் சரிசெய்ததையும் மூக்கைச் சொறிந்ததையும் வந்தவர்கள் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்களாம். மூன்று பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அம்மா பிறகு சொன்னாள்.

"பொண்ணு உள்ள இருக்குங்களா?" என்று மாமா என் நிழலுக்கு நேரே திரும்பிக் கேட்டார்.

"உள்ளதாங்க இருக்கு. கூப்பிடுறேன்," என்று அப்பா எழுந்து வந்து, வயல் கோடியில் நிற்கிறவளைக் கூப்பிடுவதுபோல் சத்தமாகக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டோடு வந்து பார்த்தால் மாப்பிள்ளையாக வந்தவரும் கைக்குட்டைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் அவரை இன்னும் கொஞ்சம் பிடித்தது.

அவருடைய அம்மா நல்ல மாதிரி. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி விசாரித்தார். கேசரி சாப்பிட்டார்கள். பிறகு மாமா, "நாங்க கொஞ்சம் தனியா கலந்து பேசிக்கிறோங்க," என்றார். வாசலில் நின்று பேச முடியாத வெயில். அப்பா உடனே கையைக் காட்டினார். "மாடிக்குப் போயி பேசுங்க. அங்க ஃபேன் இருக்கு. நாங்க யாரும் வர மாட்டோம்."

படி என்று ஒன்று இருந்துவிட்டால் அதற்கு மேலே இருப்பது வேறு வீடு. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தான் மனதில் பதிந்திருக்கிறது. அவர்களும் அப்படியே நினைத்து ஏறினார்கள். மேலே புத்தகம் புரட்டினால் கீழே கேட்கும் என்பது எனக்கு மட்டுமே தெரியும். கல்யாணப் பெண் அதைச் சொல்லலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மூவரும் என் கட்டிலில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"பொண்ணு தங்கமா இருக்கு. குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்றார் அவருடைய அம்மா. "ஆனா தம்பி, வீடு அது பேருல இருக்கு. நீ வந்து இங்க இருந்தா வீட்டோட மாப்பிள்ளைன்னுல்ல பேசுவாங்க?"

"அதானே," என்றார் மாமா.

கீழே நாங்கள் மூவரும் அசையாமல் இருந்தோம். அம்மாவின் கையில் கேசரிக் கரண்டி. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். அலமாரிக்கு இடம் பார்த்து வைத்த மனிதர் அல்லவா?

"அதெல்லாம் ஒரு ஆசையில வாங்கியிருக்காங்கம்மா. கல்யாணம் ஆகட்டும். வித்துட்டு நம்ம ஊர்லயே இடம் வாங்கிக்கலாம். நான் சொன்னா கேப்பாங்க."

குரலில் அதட்டல் எதுவும் இல்லை. போனில் என்னிடம் பேசுகிற அதே மென்மையான குரல். அதுதான் என்னைத் திணறடித்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. நான்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளும் அதையேதான் கேட்டிருந்தாள்.

அப்பாவுக்கு எதுவானாலும் உள்ளே போய்ப் பேச வேண்டும். கண்ணாலேயே கூப்பிட்டார். அந்த வீட்டில் வாசலைத் தவிரக் கதவு வைத்த இடம் குளியலறை ஒன்றுதான். மூவரும் அதற்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம். அப்பா வாஷ்பேசினில் சாய்ந்து நின்றார். அம்மா கரண்டியோடு டாய்லெட் மூடியின்மேல் உட்கார்ந்தாள்.

"பையன் நல்ல பையன்," என்றார் அப்பா. "வீடு இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வாங்கிக்கலாம். உனக்குப் புடிச்சிருக்குல்ல பாப்பா?"

"புடிச்சிருக்குப்பா."

"அப்புறம் என்ன? போட்டுக் குழப்பிக்காத."

அம்மா அந்த வீட்டைச் சத்திரம் என்று திட்டாத நாள் கிடையாது. அவளும் அப்பா பக்கம்தான் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"விக்கக் கூடாது," என்றாள். "ஏங்க, நான் கல்யாணமாகி வந்தப்ப நம்ம குடிசை யாரு மனையில இருந்துச்சு? மிராசுதாரு மனையில. அவரு எந்திரின்னா எந்திரிச்சோம். இவள யாரும் எந்திரின்னு சொல்ல முடியாது. புடிச்சிருந்தா கட்டிக்கட்டும். வீட்ட விக்கக் கூடாது."

அப்பா சொட்டாத குழாயை இறுக்கி மூடினார்.

"நீ என்னடி சொல்ற?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா," என்றேன். சத்தியமாகத் தெரியவில்லை. அவரும் வேண்டும், வீடும் வேண்டும் என்று காலையில்கூட நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கதவைத் திறந்தபோது மூவரும் கீழே இறங்கி நின்றிருந்தார்கள். அவருடைய அம்மா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளியலறைச் சுவர் என் தலைக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடும். அதற்கப்புறம் ஓட்டுக்கூரை வரை வெற்றிடம்தான். தனியாக இருக்கிறவளுக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை.

ஆக எல்லோரும் எல்லோர் பேச்சையும் கேட்டாயிற்று. இனி ஒருவரும் எதையும் கேட்காததுபோல் நடந்துகொள்வதுதான் மரியாதை. மாமா அதற்குத் தயாராக இருந்தார். "மாடியில நல்ல காத்துங்க," என்றார். அப்பாவும் "ஆமாங்க" என்றார்.

அவர்தான் என் அருகே வந்தார். "அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதாங்க அப்படிச் சொன்னேன்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப என்கிட்ட சொன்னது?"

அவர் வாயைத் திறந்தார். பொய்யொன்றைத் தேடுகிற முகமாக அது இல்லை. உண்மையான பதில் எது என்று தனக்குள்ளேயே தேடினார் என்றுதான் எனக்குப் பட்டது. கிடைக்கவில்லை. அவருக்கே கிடைக்காதது எனக்கு எங்கே கிடைக்கும்?

புறப்படும்போது "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதுதான் வழக்கம். அவருடைய அம்மா வாயெடுப்பதற்குள் என் அம்மா முந்திக்கொண்டாள். "நாங்க சொல்லி அனுப்புறோங்க," என்றாள். அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு அவரும் கைகூப்பினார்.

இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அவர் கூப்பிடுகிறார், பேசுகிறோம். வீட்டை விற்க வேண்டாம், அம்மாவிடம் பேசிவிட்டேன் என்கிறார். அதே மென்மையான குரல். எனக்கு அவரை இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது. "இப்ப உங்க பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுகிறேன். யாருமில்லை என்கிறார். அதுவும் அவர் என்னிடம் சொல்வதுதானே.