மூன்று மீட்டர் இடைவெளி

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பது. நேரத்தை அன்றே குறித்து வைத்தேன். எதையும் குறித்து வைப்பது என் பழக்கம்.

பினாங்கில் ஜார்ஜ் டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு நானும் நண்பனும் தனித்தனி மோட்டார் சைக்கிளில் ஒன்றாகப் போவோம். நெஞ்சில் காற்று அடிக்காமலிருக்க மேல்சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு நான் முன்னால், அவன் பின்னால். அவன் வேலைக்குச் சேர்ந்த வாரமே சொல்லியிருந்தேன்: “ஒட்டியே வா லா. கேப் விட்டா கார்க்காரன் பூந்துருவான்.”

நான்கு வருடம் அப்படியே வந்தான். “உங்க பிளேட்டையே பாத்துக்கிட்டு வரேன்ணே. அந்த நம்பருக்கு லாட்டரியும் எழுதிப் பாத்தேன், ஆறுதல் பரிசுகூட அடிக்கல” என்று கிண்டல் செய்வான்.

அன்று முன்னால் போன கார் திடீரென நின்றது. நான் பிரேக் பிடித்தேன். அவன் என் மீது மோதி வலப்பக்கத் தடத்தில் போய் விழுந்தான். எழவில்லை.

போலீசிடமும் அவன் மனைவியிடமும் ஒன்றையே சொன்னேன்: கண் அசந்துவிட்டான். முதல் நாள் இரவு குழந்தைக்குக் காய்ச்சல், அவன் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டதும் அவள், “நான்தாண்ணே புள்ளையப் பாத்துக்கச் சொன்னேன்” என்றாள். நான் மறுக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை, நாலாம் படிவம் படிக்கும் என் பதினாறு வயது மகள் இயற்பியல் வீட்டுப்பாடத்தோடு வந்தாள். மணிக்கு ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், ஆபத்தைப் பார்த்து பிரேக்கைத் தொட 0.8 விநாடி ஆகிறது. அதற்குள் எவ்வளவு தூரம் போயிருப்பார்? விநாடிக்குப் பதினைந்து மீட்டர், பெருக்கினால் பன்னிரண்டு.

“ஆளு தூக்கக் கலக்கத்துல இருந்தானா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா, நல்லா முழிச்சிருக்கற ஆளுக்குத்தான் இந்தக் கணக்கு.”

நாங்களும் அந்த வேகத்தில்தான் போவோம். எங்கள் இரண்டு வண்டிகளுக்கு நடுவே மூன்று மீட்டர் இருந்தால் அதிகம். மூன்றைப் பதினைந்தால் வகுத்தேன். 0.2 விநாடி. மகளின் நோட்டில் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். மாறவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். இரும்புக் கதவுக்கு உள்ளே குழந்தையோடு நின்றாள். கணக்கைச் சொன்னேன்.

“அப்ப அவரு தூங்கலையாண்ணே?”

“தெரியாதும்மா. முழிச்சிருந்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. ஒட்டி வரச் சொன்னது நான்.”

“ஆறு மாசமா என்னாலதான்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்ணே” என்றாள். அவ்வளவுதான். உள்கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளே போலீஸ் நிலையத்திலும் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தேன்.

இப்போது தனியாகத்தான் போகிறேன், முன்னால் போகும் வண்டிக்குப் பன்னிரண்டு மீட்டர் விட்டு. தினமும் யாராவது அந்த இடத்தில் புகுந்துவிடுகிறார்கள். நான் வேகத்தைக் குறைத்து மறுபடி இடம் விடுகிறேன். அன்று நாங்கள் இடம் விட்டிருந்தாலும் இதுதானே நடந்திருக்கும், நடுவில் ஒரு கார் வந்திருக்கும் என்ற நினைப்பு ஒவ்வொரு முறையும் வருகிறது.