ஒட்டிப் போட்ட கட்டில்

தெருவில் அவருக்குக் ‘கிட்டவாங்க’ என்றுதான் பெயர். கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தே வயதானவர். வெட்கப்பட்டு விலகி நிற்கும் ஜோடிகளைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூச்சுக் கோளாறு வந்து தொழில் போனது, பெயர் போகவில்லை.

தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்வதால், முகமூடி மாட்டி ஒரு மெஷினோடுதான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது ராத்திரி முழுக்கச் சீறும். முகமூடி நழுவினால் அலறும். மனைவியோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒருநாள் கண் சொருகிப் போனதும், பயந்துபோய்ச் சின்னக் கட்டில் ஒன்று வாங்கி அடுத்த அறையில் போட்டுக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். நகராட்சி தரும் வாடகை உதவி, கணவன் மனைவிக்கு ஒரு படுக்கையறை என்ற கணக்கில்தான். இரண்டாவது அறை கட்டாயம் தேவை என்று காட்டினால் கூடுதலாகத் தருவார்கள். இல்லையென்றால் ஒற்றை அறை வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். மனைவி நடையாய் நடந்து மனுப் போட்டாள். நேரில் பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

அன்று காலை அவள் பஸ்ஸுக்குப் போனதும் கிட்டவாங்க வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வருகிறவர் தனித்தனிக் கட்டிலைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஊர் ஜோடிகளையெல்லாம் ஒட்டி நிற்க வைத்தவன் வீட்டில் இப்படியா? மனுஷனுக்குப் புத்தி எப்படியெல்லாம் போகிறது பாருங்கள். கல்யாண மேடை சோபாவை நகர்த்துகிற பழைய உத்திப்படி மனைவியின் சின்னக் கட்டில் கால்களுக்கடியில் போர்வையை விரித்தார். தரையில் கீறல் விழாமல் இழுத்து வந்து தன் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். இரண்டு தலையணையையும் தோளோடு தோள் உரச வைத்தார். ஆஸ்பத்திரி மாதிரி தெரிகிறதே என்று மெஷினை அலமாரிக்குள் தள்ளினார். காலியான அறை மூளியாகத் தெரியவே, போட்டோ வெளிச்சத்துக்கு வைத்திருந்த பழைய விளக்குக் குடைகளை விரித்து அழகாக நிறுத்தினார்.

அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். குடைகளைப் பார்த்ததும், இந்த அறையில் ஸ்டூடியோ நடத்துகிறீர்களா என்று கேட்டாள். சேச்சே, சும்மா கிடக்கிற அறைதான் என்றார் இவர். தங்களுக்குள் இதுவரை ஒரு சண்டை கிடையாது, ஒரே அறைதான் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். அவள் பேனாவை மூடினாள்.

“அப்போ உங்களுக்கு ஒரு ரூம் போதும்தானே, ஐயா?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பஸ் சாவியோடு உள்ளே வந்த மனைவி கட்டிலைப் பார்த்தாள், குடைகளைப் பார்த்தாள், கடைசியில் கணவனைப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து மெஷினை எடுத்து வைத்தாள். அதிகாரி டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, ஒரே அறையில் எப்படியாவது சமாளிக்க முடியாதா என்று கேட்டாள். கேட்க வேண்டியது அவள் வேலை.

“நான் சமாளிச்சுடுவேன்மா. இவரை நம்ப முடியாது. நான் தூங்கணும்னு இவர் மெஷினை நிறுத்திட்டுப் படுத்துக்குவார். நான் பக்கத்துல இருந்தப்போ அதைத்தான் செஞ்சார். கேட்டா மறந்துட்டேன்னு சொல்வார். நான் அடுத்த ரூம்ல இருந்தாதான் இவர் மூச்சு விடுவார். அதுக்குத்தான் இந்த ரூம் கேக்கறேன்.”

கிட்டவாங்க தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவள் தூங்கிவிட்டாள் என்று நம்பித்தான் அத்தனை நாளும் சுவிட்சை அணைத்திருந்தார். மறந்துட்டேன் என்றதை அவள் நம்பவே இல்லை என்று இவருக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது.

கூடுதல் உதவிக்குத் தானே சிபாரிசு எழுதுவதாகச் சொல்லி அதிகாரி எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“அடுத்த வருஷமும் பார்க்க வருவோம், ஐயா. அப்போ தயவுசெஞ்சு கட்டிலைத் தொடாதீங்க.”

“அதுவரைக்கும் இவர் மூச்சோட இருக்கணும்ல” என்று சொல்லிக்கொண்டே, அடுத்த அறைக்குத் திருப்பிக் கொண்டுபோக மனைவி தன் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள்.