மூன்று சொட்டுச் சூடு

"ரெண்டு... இரு, அவசரப்படாத... மூணு" என்று எண்ணியபடி ஐயாசாமி மல்லாந்து படுத்திருக்கிறார். தலைக்கு ஒரு விறகுக் கட்டை, வாயில் சுருட்டு. நெஞ்சுக்கு நேர் மேலே மூங்கில் கம்பில் காட்டுப்பன்றியின் முதுகுக் கொழுப்பு ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது. அதிலிருந்து உருகி விழுகிற சொட்டை நெஞ்சின் மேல் வைத்த ஒரு தகர மூடி வாங்கிக்கொள்கிறது. ஒரு சுருட்டு தீர்வதற்குள் மூன்று சொட்டு விழுந்தால் கொட்டகையில் சூடு சரி. இரண்டோடு நின்றால் அடுப்பில் விறகு போடுவார். ஐந்து விழுந்தால் எழுந்து ஓடி விறகை வெளியே இழுப்பார். இதுதான் அவருடைய வேலை. இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறார்.

லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம் வரும். அதன் புகைக்கொட்டகைக்கு ஐயாசாமி ராஜா. மரத்தில் வெட்டிய பாலை உறைய வைத்து, மிஷினில் தகடாகத் தட்டி, வண்ணான் கொடியில் போட்ட வேட்டி மாதிரி கம்புக் கம்பாக உள்ளே தொங்கவிடுவார்கள். நாலு நாள் புகையில் நின்றால் வெள்ளைத் தகடு தேன் நிறத்துக்கு வரும். சூடு ஏறினால் கொப்புளம் கட்டும். இறங்கினால் பூசணம் பூக்கும். சிங்கப்பூர் வியாபாரி தகட்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பான். ஒரு கொப்புளம் கண்ணில் பட்டாலும் முதல் தரம் மூன்றாம் தரமாகிவிடும்.

அந்தக் கொட்டகைக்கு விறகு என்னுடையது. நான் இந்த ஊருக்கு ஒரு பாராங் கத்தியோடு வந்தவன். கையெழுத்துப் போடவே முப்பது வயதில்தான் கற்றேன். இன்றைக்கு இரண்டு மாட்டுவண்டி, ஒரு கடை, ஐந்து தோட்டங்களுக்கு விறகுக் கண்ட்ராக்ட். குளுவாங் வரைக்கும் என் விறகைக் குறை சொன்னவன் கிடையாது, ஐயாசாமி ஒருவரைத் தவிர. அவர் ஒரு கட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பார், நுனியை நாக்கில் வைப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

"என்னா கண்ட்ராக்டரே, வெறகுன்னு சொல்லிட்டு தண்ணிய கட்டிக் கொண்டாந்திருக்கீங்க? இத எரிச்சா கொட்டாயிக்குள்ள மழதான் பேயும்லா."

வேறு ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால் வண்டியைத் திருப்பியிருப்பேன். இவர் சொன்னால் திருப்பிக்கொண்டு போய் வேறு விறகு கொண்டுவருவேன். அவர் சொன்னது சரியாக இருந்துதொலைக்கும்.

ஆளைப் பார்த்தால் புருவம் இருக்கிற இடத்தில் ஒன்றும் இராது. கண் இரண்டும் எப்போதும் அழுது முடித்த மாதிரி சிவந்திருக்கும். வேட்டியைத் துவைத்தாலும் புகை போகாது. குளுவாங்குக்கு ரயில் ஏறினால் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. "டிக்கெட்டு ஒண்ணு, பெஞ்சு முழுக்க நமக்கு" என்று கால் நீட்டிப் படுத்துக்கொள்வார். மனைவி கிருஷ்ணம்மாவுக்கு மட்டும் எழுந்து போகிற சலுகை கிடையாது. "இந்த மனுசன் செத்தா அவசரப்பட்டு எடுக்க வேணாம், ஆறு மாசத்துக்கு கெடாது" என்று குழாயடியில் எல்லோரும் கேட்கச் சொல்லுவாள்.

கொட்டகையில் ரப்பர் மட்டும் தொங்குவதில்லை. காட்டில் பன்றி விழுந்தால் லயத்து வீடுகளில் இருக்கிற ஜனங்கள் பாதியை இவரிடம்தான் கொண்டுவருவார்கள். விராலுக்குக் கதவோரம், பன்றிக்கறிக்குக் கூரை அடி, கோழிக்கு இரண்டுக்கும் நடுவில். எந்த மாமிசத்துக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் மனசில் அளந்து வைத்திருக்கிறார். கூலி வாங்குவதில்லை. முதுகுக் கொழுப்பில் ஒரு சாண் மட்டும் கேட்பார், அளவுகோலுக்கு. சாப்பிட்டவர்கள் ருசியைப் புகழ்வார்கள். ரப்பர் வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்ன தைரியசாலி நான்தான்.

"பின்ன? ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு மல்லிப்பூ வாசமா கேக்குறீங்க?" என்றார்.

போன வருஷம் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு விஞ்ஞானம் வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு தெர்மாமீட்டரும் கட்டம் போட்ட ஒரு புத்தகமும் தருவித்தார். நூற்றிருபது டிகிரி நிற்க வேண்டும், தினம் மூன்று முறை பார்த்துப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று உத்தரவு. பதிகிற பொறுப்பு ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி சோமசேகரத்துக்கு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல படிப்பு, நல்ல கையெழுத்து. வெள்ளை டிரில் கோட்டைச் சாயங்காலம் வரை வெள்ளையாகவே வைத்திருக்கத் தெரிந்தவர். வாரத்தில் ஏழு நாளும் சைவம்.

அந்தக் கோட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம். உள்ளே நுழைந்தால் புகை பிடிக்கும் என்று கிராணி தெர்மாமீட்டரைக் கதவுக்கு உட்புறமாக, வாசலில் நின்றே கதவைத் திறந்து படிக்கிற மாதிரி மாட்டிவிட்டார். கதவைத் திறந்தால் வெளிக்காற்று முதலில் அதன் மேல்தான் விழும். முதல் நாள் தொண்ணூற்றெட்டு காட்டியது.

"என்ன காணும் ஐயாசாமி, இருபத்திரண்டு டிகிரி குறையுது. இன்னும் விறகு போடும்" என்றார் கிராணி.

"கிராணி ஐயா, கதவுக்கு என்னா சூடுன்னுதான் அது சொல்லுது. உள்ள தொங்குறது ரப்பரு. இப்பவே மூணு சொட்டு."

"உம்மட பண்டிக் கொழுப்பைப் புத்தகத்தில எழுதேலாது. துரை கேக்கிறது டிகிரி."

ஐயாசாமி சுருட்டைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார். பேசியும் பயன் இல்லை. சொன்னபடி விறகு போட்டால் தகடு கொப்புளம் கட்டும், பழி அவர் தலையில் விழும். போடாவிட்டால் சொல் கேளாதவன் என்று பால் வெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புகையில் வெந்த கண்ணுக்கு விடியற்காலை விளக்கில் மரத்தின் வெட்டுக்கோடு தெரியாது. ஐம்பத்தைந்து வயதில் அந்த வேலைக்குப் போனால் பாதிக் கூலிகூடத் தேறாது.

ஆகவே அவர் சூட்டை அப்படியே விட்டுவிட்டுத் தெர்மாமீட்டர்க் கண்ணாடியைக் கவனிக்க ஆரம்பித்தார். கிராணியின் சப்பாத்துச் சத்தம் பாதையில் கேட்டதும் சுருட்டு நெருப்பை அதன் குண்டுக்கு அடியில் கொஞ்ச நேரம் பிடிப்பார். பாதரசம் ஏறும். கிராணி கதவைத் திறப்பார், நூற்றிருபது என்று எழுதுவார், சந்தோஷமாகப் போவார். விறகு இறக்க வந்தபோது இதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதிலும் மனுஷன் கைத்திறமையை விடவில்லை. காலையில் நூற்றுப்பதினெட்டு, மத்தியானம் நூற்றிருபது, சாயங்காலம் நூற்றிருபத்திரண்டு.

"ஏன் இந்த ஏத்த எறக்கம்?" என்று கேட்டேன்.

"தெனம் ஒரே நம்பர காட்டுனா பொய்யின்னு தெரிஞ்சிடும்லா. ஒடம்புக்கே ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்கிறதில்ல."

உள்ளே மூன்று சொட்டுச் சூடு, புத்தகத்தில் நூற்றிருபது டிகிரி. மூன்று மாதம் தோட்டத்தில் ஒரு கொப்புளம் இல்லை. துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெர்மாமீட்டர் செய்த அதிசயம் என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கிராணிக்குக் கை கொடுத்தார். பிறகு யோசித்தார். படித்த ஜனங்கள் யோசித்தால் எனக்கு எப்போதும் பயம். வேலையைக் கண்ணாடியே செய்கிறதென்றால் இருபது வருஷத்து ஆளுக்குக் கூடுதல் கூலி எதற்கு? மணியம் என்ற வாலிபனைப் பாதிக் கூலிக்குக் கொட்டகையில் போட்டார். ஐயாசாமியைப் பால் வெட்டுக்கு அனுப்பினார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கிருஷ்ணம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா கண்ட்ராக்டரே? கண்ணாடிக்கு பொய் சொல்ல கத்துக் குடுத்தாரு. அது நல்லா கத்துக்கிச்சு. இப்ப வாத்தியாரையே வெளிய அனுப்பிடுச்சு!"

ஐயாசாமி வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் அவருடைய மரங்களில் பாதியைக் கிருஷ்ணம்மாதான் வெட்டினாள். மீதியில் அவர் பட்டைக்குள் ஆழமாகக் கத்தியை விட்டு மரத்தைக் காயப்படுத்தினார். "மாமா, இப்படி போனா அடுத்த வாரம் கூலிக்கு பேரு கொடுக்க முடியாது" என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சொல்லிவிட்டான்.

மணியம் நேர்மையான பையன். தொண்ணூற்றெட்டு காட்டினால் தொண்ணூற்றெட்டு என்றே சொன்னான். கிராணி விறகு போடச் சொன்னார், போட்டான். இன்னும் போடச் சொன்னார், இன்னும் போட்டான். மூன்றாம் நாள் காலை கண்ணாடி ஒரு வழியாக நூற்றிருபதைத் தொட்டது. கிராணி அதை அழகான எழுத்தில் பதிந்துகொண்டிருக்கும்போதே உள்ளே தகடுகள் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, கம்போடு சேர்ந்து கீழே சரிந்தன. ஆயிரம் ராத்தல் சரக்கு அவிந்த கூழாகக் கிடந்தது. கொட்டகை தீப்பிடிக்காமல் தப்பியது என் விறகின் குணம் என்பதைத் துரை உட்பட ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன்.

துரை புத்தகத்தைப் புரட்டினார். நூற்றிருபது எழுதிய நாளிலெல்லாம் சரக்கு நன்றாக இருந்திருக்கிறது. இன்றைக்கும் நூற்றிருபதுதான். வெகுநேரம் பார்த்துவிட்டுத் தமக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "இந்தக் கிளாஸ் ஐயாசாமிகிட்ட மட்டும் நல்ல மாதிரி வேலை செய்யுது. அவனைக் கூப்பிடு. பழைய கூலி குடு." குதிரைக்குப் பழகிய ஆள் வேண்டும் என்பது மாதிரிதான் அவர் அதைப் புரிந்துகொண்டார்.

ஐயாசாமி திரும்பி வந்தார். கூழை வாரிக் கொட்டினார், அடுப்பைக் கழுவினார், புதுக் கொழுப்பைக் கட்டினார். மூன்றாம் நாள் நான் விறகு இறக்கிக்கொண்டிருந்தபோது கிராணி வந்தார். முகம் வெளுத்திருந்தது. புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தார்.

"ஐயாசாமி, உள்ளதைச் சொல்லும். அந்த மூண்டு மாசமும் நான் எழுதினது என்ன?"

"எழுதுனது நீங்க. காட்டுனது என் சுருட்டு."

கிராணி என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

"துரை அறிஞ்சால் எனக்கு வேலை போம் காணும்."

"எனக்கும் போகும். ஐயோ அலமாக், நான் போயி சொல்லுவேனா?"

"இனி நான் என்னத்தை எழுதுறது? பொய் எழுதினாலும் பயம், மெய் எழுதினாலும் ரப்பர் போகுது."

"அந்தக் கண்ணாடிய உள்ள கொண்டாந்து நடுவுல மாட்டுங்க. நீங்களும் உள்ள வாங்க. நம்ம சொட்டும் அதோட நம்பரும் ஒத்துப் போகுதான்னு ஒரு தடவ பாத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

"கோட்டு..." என்றார் கிராணி. மேலே கொழுப்பைப் பார்த்தார். "நான் சைவம்."

"அது உங்களத் திங்கச் சொல்லல ஐயா. பாக்கத்தான் சொல்லுது."

கிராணி வாசலில் நின்றார். புகை அவர் முகத்தில் அடித்தது. இரண்டு முறை இருமினார். ஐயாசாமி புதுச் சுருட்டைப் பற்றவைத்து, தன் இடத்தில் மல்லாந்து படுத்தார். பிறகு ஒரு முழம் நகர்ந்து, தன் பக்கத்துத் தரையில் கிடந்த சாம்பலைத் துண்டால் இரண்டு தரம் துடைத்து, அந்த இடத்தை உள்ளங்கையால் தட்டினார்.