ட்ரவுட்டுக்கு முன் விரால் ஏரியில் ஓர் ஒத்திகை

காலை ஏழு நாற்பதுக்கு என் மகளின் செருப்பைப் பார்த்தேன். திருக்கழுக்குன்றத்தை அடுத்த ஓர் ஏரிக்கரை. கோரை விலகிய இடத்தில், தண்ணீருக்கு இரண்டடி தள்ளி, நீல ரப்பர் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. சங்கவி இல்லை.

ஆனாலும் அந்த ஏரியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். சங்கவிக்கு இருபத்தொரு வயது. மலை ஓடையில் நின்று ட்ரவுட் பிடிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரியின் குளிர்ந்த நீரில் விட்ட மீன் அது. வெளியூரிலிருந்து போகிறவர்கள் மீன்வளத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்; சில இடங்களுக்கு வனத்துறையையும் கேட்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் விடமாட்டார்கள். காலணி, கம்பளி உடை, வழிகாட்டி என எல்லாவற்றையும் அவள் விசாரித்து வைத்துவிட்டாள். மிச்சம் இருந்தது என் சம்மதம்தான்.

பதினேழு வயதில் அவளுக்கு வலிப்பு வந்தது. மாத்திரையில் கட்டுப்பட்டு, இரண்டு வருடமாக வரவில்லை. தண்ணீருக்குப் போகலாம், தனியாக மட்டும் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்பாக்கத்தில் என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். இங்கே நன்னீரில் ஒரு காலைப்பொழுது பத்திரமாகப் பிடித்துக் காட்டு, நீலகிரிக்கு டிக்கெட் போடுகிறேன் என்றேன். கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்தே காலுக்குக் கிளம்பினோம். கூட்டிப்போனவர் தனசேகர். அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் ஊழியர் பஸ் ஓட்டுபவர், லீவு நாளில் விரால் பிடிப்பவர். என் தம்பிக்குப் பழக்கம். சங்கவியின் வலிப்பைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் தம்பி குடியிருக்கும் தெரு முழுக்கப் பரவும், நாளைக்கு ஒரு வரன் வந்தால் அதுவும் கூடவே வரும்.

பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். வழியில் டீ பன்னிரண்டு ரூபாய், நல்ல டீ. இருட்டு வெளுக்க வெளுக்க வேதகிரி மலையும் மேலே கோயிலும் தெரிந்தன. ஏரிக்குள் பார்த்தபோது அந்த மலை தலைகீழாக நின்றது. நடுவில் தாமரை, ஓரமெல்லாம் கோரை, ஒரு பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்த நீர்க்காகங்கள். இத்தனை அழகை நான் எதிர்பார்த்து வரவில்லை.

ஏரி மீன் குத்தகையில் இருக்கிறது. தூண்டிலுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் குத்தகைக்காரரின் ஆள் தலையாட்டிவிடுகிறார்.

"செருப்ப கழட்டிடு பாப்பா" என்றார் தனசேகர். "வெராலுக்கு மண்ணுல காலு அதுர்றதே தெரிஞ்சிடும். பேசக்கூடாது. யாருனா கூப்ட்டாலும் பதிலு குடுக்கக்கூடாது."

"ஃபோன் வந்தா?"

"அத வண்டிலயே வச்சிட்டு வா. வெராலு என்னா உனக்கு ஃபோனா பண்ணப்போவுது?"

சங்கவி சிரித்தாள். தூண்டில் முனையில் இரையாகக் கட்டிய ரப்பர் தவளையைத் தாமரை இலைமேல் வீசி, மெதுவாக இழுத்துத் தண்ணீரில் விழவைத்தாள். கோரைக்குள் இன்னும் எத்தனை பேர் தூண்டிலோடு நின்றார்கள் என்று தெரியாது. அங்கங்கே தூண்டிலின் தங்கூஸ் நரம்பு மட்டும் மின்னியது. ஒரு மணி நேரம் ஒருவரும் இருமக்கூட இல்லை.

ஏழரை அவளுடைய மாத்திரை நேரம். மாத்திரை வண்டியில் இருந்தது. தனசேகர் பக்கத்தில்தானே இருக்கிறார் என்று எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோதுதான் அந்தச் செருப்பு.

கூப்பிட்டேன். கத்தினேன். ஏரி பதில் சொல்லவில்லை. கடைசியில் தள்ளியிருந்த கோரையிலிருந்து தனசேகர் வந்தார்.

"யக்கா, இன்னா இப்டி கத்திகினு கீறீங்க? ஒண்ணார கிலோ இருக்கும், வாயத் தொறந்துச்சு. உங்க சத்தத்துக்கு மூடிகினு போய்டுச்சு."

"சங்கவியக் காணோமுங்க."

"இங்கதான் எங்கனா கீதும். வரும், வுடுங்க."

"அவளுக்கு வலிப்பு இருக்குதுங்க."

ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் அணைத்து வைத்திருந்த ஃபோனோடு அப்படியே தண்ணீரில் பாய்ந்தார். "டேய், எல்லாரும் வாங்கடா" என்று அவர் குரல் கொடுத்ததும் கோரை அங்கங்கே பிளந்தது. லுங்கியை மடித்துக் கட்டியவர், தலையில் துண்டோடு ஒரு பெரியவர், அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒருவர் என ஏழெட்டுப் பேர். கையோடு கை கோத்து வரிசையாக நின்று, காலால் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்ந்தார்கள். கலங்கிய தண்ணீரில் இனி அன்றைக்கு ஒருவருக்கும் மீன் கிடைக்காது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரோட்டில் வாய்க்காலில் யாராவது விழுந்தால் கரையில் கூட்டம் கூடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன். இங்கே கரையில் நான் ஒருத்திதான் நின்றேன்.

எட்டு மணி தாண்டியிருக்கும். மதகுப் பக்கமிருந்து இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருத்தி சங்கவி. முழங்கால்வரை சேறு, ஒரு கையில் தூண்டில், மறு கையில் கோரைத்தண்டில் கோத்த விரால். அது தாமரைக்குள் இழுத்துக்கொண்டு ஓட, கரையோரமாகவே மதகுவரை பின்னால் போயிருக்கிறாள். அங்கே தண்ணீர் இரைச்சலில் என் குரல் எட்டவில்லை. கூட வந்தவள் என் வயதுப் பெண், மாட்டுக்குப் புல் அறுக்க வந்த அஞ்சலை.

சங்கவி தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டாள். "என்னம்மா, எல்லாரும் என்னத்தத் தேடறாங்க?"

"ஒன்னத்தான் பாப்பா" என்றார் தனசேகர், மார்பளவு நீரில் நின்றபடி.

நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள்.

"நீதான் அம்மாவா? மீனு இஸ்துகினு போவும்போது உன் பொண்ணு என்னத்தான் கூப்ட்டுச்சு. 'யக்கா, எனக்கு ஃபிட்ஸ் வர்றதுண்டு, கொஞ்ச நேரம் கூடவே இரு. வுழுந்தா கரைக்கு இஸ்து ஒருக்களிச்சுப் படுக்க வையி, கையில சாவி கீவி குடுக்காத, வாயில ஒண்ணும் வைக்காத'ன்னு சொல்லிச்சு. புல்லுகூட அறுக்காம அது மூஞ்சியவே பாத்துகினு இருந்தேன்." தண்ணீரில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். "இவங்களாண்ட நீ எதுவும் சொல்லலியா?"

சங்கவி தூண்டிலையும் மீனையும் கீழே வைத்து, என் கையிலிருந்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, நான் கொண்டுவந்திருந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து குடித்தாள்.

"நீலகிரியில வழிகாட்டிகிட்ட நானே சொல்லிக்கறேன்மா" என்றாள். "நீ டிக்கெட்ட மட்டும் போடு."