மாரிமுத்து ஆடிப்பார்த்த கேம்

கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிவந்த லோரிக்காரர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். எங்கள் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "ஒங்க கூட்டாளி மாரிமுத்துவ வெட்டிட்டாங்க லா. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிருச்சு." கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். அது தெறித்து என் காலிலேயே விழுந்தது.

தோட்டத்து மக்களே, சாவு வீட்டில் நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது. "ரவுடிப் பய, இப்படித்தான் போவான்னு தெரியும்." எழுபதுகளில் கோயில் திருவிழாவில் அவன் ஒருவனை வெட்டிவிட்டுச் சிறைக்குப் போனவன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த முறை அவன் கையில் ஒன்றுமே இல்லை. குடித்துவிட்டுக் கத்தியோடு நின்ற இரண்டு பேரை விலக்கிவிடப் போனான். அது தெரிந்தும் பேசினீர்களே, உங்கள் வாயில் மண் விழ! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொழிற்சாலையில் ஃபிட்டர். எண்பதுகளின் நடுவில் ஈப்போவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். டிவியில் மாட்டி, எழுதுவதைக் கேசட்டில் பதிந்துவைக்கிற ரகம். அதே மாதம் காலைப் பெரட்டில், எல்லோருக்கும் வேலை பிரித்துக்கொடுக்கிற நேரத்தில், கங்காணி என்னை அறைந்தார். இயந்திரம் நின்றுபோனது என்னாலாம். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே ஒரு கேம் எழுத உட்கார்ந்தேன். மேகம் இறங்கும் தேயிலைச் சரிவு, கங்காணியைப் போலக் காக்கித் தொப்பி போட்ட ஒருவன் ஏறி வருவான், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அவனை வெட்ட வேண்டும். சிவப்புப் புள்ளிகள் தெறிக்கும், அவன் மறைந்துபோவான், மறுபடி வருவான். அவ்வளவுதான் கேம். கட்டிலுக்கு அடியில் நிஜமான பாராங் கத்தி ஒன்றும் இருந்தது. தொழிற்சாலைச் சாணையில் நானே தீட்டியது. அது யாருக்கும் தெரியாது.

மாரிமுத்து பக்கத்து லயத்து வரிசைவீட்டில் இருந்தான். வயதும் என் வயதுதான். முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் கவ்வாத்து வேலை அவனுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி சாப்பிட வந்தவனிடம் பெருமையாகக் கேமைக் காட்டினேன். இரண்டு முறை வெட்டிவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்னாடா இது? கவ்வாத்துக் கத்தி கீழருந்து மேல போவணும். மேலருந்து எறக்குனா கட்டை பொளந்துரும்லா."

"நான் மலையில வேலை பாத்தவனா?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. திரும்பவும் ஆடினான். பிறகு விசைப்பலகையைத் தள்ளிவைத்தான்.

"இது செடி வெட்டுற வெட்டு இல்ல. ஆள வெட்டுற வெட்டு. எனக்குத் தெரியும். கத்திய எங்கடா வச்சிருக்க?"

என் கண் என்னையறியாமல் கட்டிலுக்குப் போனது. குனிந்து பாராங்கை எடுத்தான், விரலால் கூர் பார்த்தான், அப்புறம் விட்டான் பாருங்கள் ஒரு அறை! கங்காணியின் அறையெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். சுவரில் மோதி விழுந்தேன். எழுந்திருக்கவிடாமல் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"நான் வெட்டுனவன் மறையலடா. எம் பேரச் சொல்லித் தண்ணி கேட்டான். தோள்ல போட்டுக்கிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடுனேன், அவன் ரத்தம் சூடா எம் முதுகுல எறங்குது. பொழச்சான், ஆனா கை போச்சு. ஒங் கேம்ல அதெல்லாம் எங்க?"

நான் அழுதேன். அவன் மீண்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான், ஒன்றும் நடக்காதவன் மாதிரி.

"மேகம் எறங்குறது அப்படியே நம்ம மலைதான். ஒனக்கு வேலை தெரியுது, அதுல கொறை சொல்ல முடியாது. ஆனா ஆட்டத்துல உசுரு இல்ல. விழுந்தவன் அங்கயே கெடக்கட்டும். தூக்கிட்டுப் போய்ச் சேத்தாத்தான் ஜெயிப்புன்னு வையி. அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன்."

பாராங்கை அவனே எடுத்துக்கொண்டு போனான்.

காக்கித் தொப்பிக்காரனை நான் தூக்கிச் சுமப்பதா? வெறி வந்து கேசட்டை அம்மிக் குழவியால் நசுக்கினேன். மறுநாள் முதல் வரியிலிருந்து எழுதினேன். மாரிமுத்து வாராவாரம் வந்து திட்டினான். "என்னா, பஞ்சு மூட்டையா தூக்குறான்? ஆளுடா! கால் தடுமாறணும்." நடையை மெதுவாக்கினேன். "மழை பெஞ்சா மண்ணு வழுக்கும்லா, அத மறந்துட்டியே." மழை வைத்தேன். ஒரு தடவை திரையில் அவன் ஆள் சரிவில் நாலாம் முறையாக விழுந்தபோது, ஆத்திரத்தில் மேசையை ஒரே குத்தில் உடைத்தான். நானும் அவனும் சேர்ந்து ஆணி அடித்தோம். கடைசியில் ஒரு நாள், வேர்த்து விறுவிறுத்து, விழுந்தவனை டிஸ்பென்சரி வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

"இப்பத்தான்டா இது கேம்" என்றான்.

கங்காணி ஓய்வு பெற்று ரிங்லெட்டில் இருக்கிறார். எனக்கு இன்றைக்கும் அவரைப் பிடிக்காது. சாவுக்கு மறுவாரம் சந்தையில் பார்த்தேன். தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கொலைகாரப் பய போய்ட்டானாமே" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அவர் பேரம் பேசி, பையை நிரப்பி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மாரிமுத்து எனக்கென்று விட்டுப்போனது, உயிரோடு நடந்துபோகிற அந்த மனிதரைத்தான்.