பல்பு எரிந்த பெட்டி

எங்கள் வீட்டில் என்னைவிட வயதில் மூத்த சிந்தசைசர் ஒன்று இருந்தது. சென்னையில் கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடம் அண்ணன் அதை வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தான். இப்போதைய கீபோர்டுகளைப் போல நூறு வாத்தியங்கள் அதற்குள் கிடையாது. ஆனால் அது எழுப்பும் அடிச்சத்தம் கேட்பவர் வயிற்றில் போய் இடிக்கும். போர்ட் பிளேரில் கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, பூஜைப் பந்தலோ, அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவன் மேடை ஏறினான். அவன் பாடுவான், நான் வாசிப்பேன். சுருதி போனால் அடிப்பான்.

முதலில் அடி வாங்கியது நான் இல்லை, பேஸ் கிடார் வாசித்த வங்காளி. டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒத்திகை பார்க்கும்போது எல்லாம் ஒட்டிப்போகும். மேடையில் இரண்டு மூன்று பாட்டு முடிவதற்குள் சிந்தசைசரும் கிடாரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், நடுவில் அண்ணன் குரல் மாட்டிக்கொண்டு முழிக்கும். ஒரு கல்யாணத்தில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் மண்டபத்துப் பின்பக்கம், எச்சில் தட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில் வைத்து, அண்ணன் அவன் வாயிலேயே குத்தினான். பல் உடைந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் சொன்னான்: "மஷீன் கராப் ஹை, பாயி. மஷீன் தேக்கோ."

மெஷின்தான் கெட்டிருக்கிறது, அதைப் பார் என்று அவன் சொன்னதுதான் சரி. யாரும் கேட்கவில்லை. புதிதாக ஒரு கிடார்காரன் வந்தான், அவனோடும் அதே இழுபறி. அப்படியானால் தப்பு தங்கச்சியிடம்தான் என்று அண்ணன் முடிவுகட்டினான்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீவில் ஈரம் எதையும் விட்டுவைக்காது. கேமரா, பட்டுப்புடவை, சர்டிபிகேட், தோல் செருப்பு, எதை மூடி வைத்தாலும் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிடுவோம். அண்ணன் சிந்தசைசருக்கென்றே படாக் என்கிற கனத்த தீவு மரத்தில் ஒரு பெட்டி செய்து, உள்ளே ஹோல்டர் வைத்துப் பல்பு மாட்டியிருந்தான். அதன் மூடியைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். சாமி விளக்கு ஏற்றும் கையோடு அம்மா அந்தப் பல்பும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள்.

அந்த மூடியால்தான் என் கையை நசுக்கினான். ஒரு வரவேற்பு முடிந்து வந்து சிந்தசைசரைப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். வலது கை விளிம்பில் இருந்தது. அவன் பார்த்துத்தான் மூடினான்.

"இன்னொரு தடவை சுருதி இறங்குச்சு, இந்தக் கையால சோறு பிசைய முடியாது பாத்துக்க" என்றான்.

அவன் சும்மா சொல்கிற ஆள் இல்லை. நகங்கள் கறுத்துப்போன விரல்களுக்கு அம்மா ஐஸ் வைத்தாள். "அவனுக்குக் கோபம் வரும்னு உனக்குத் தெரியும்ல? நீதான் பாத்து வாசிக்கணும்" என்றாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஆபீசில் ஃபைல் நகர்த்திக்கொண்டிருந்தவள் நான். விரல் அசைய ஆரம்பித்த அன்றே ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். பழுதைக் கண்டுபிடித்தால் அடி நின்றுவிடும் என்று நம்பினேன். அப்படி நம்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் ஊரில் எது கெட்டாலும் முதலில் வோல்டேஜைத் திட்டுவோம். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். ஸ்டெபிலைசர் வைத்தேன், சுருதி அப்போதும் இறங்கியது. சிந்தசைசரைத் திறந்தால் உப்புக்காற்றில் இணைப்புகள் பச்சைபூத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாகச் சுரண்டித் துடைத்தேன், ஆடிய இடங்களில் ஈயம் வைத்தேன். உள்ளே சுருதியைத் திருத்துகிற சின்ன ஸ்குரூக்களையும் சரிசெய்தேன். போனில் இருந்த சுருதி ஆப்பில் முள் நடுவில் நின்றது. வீட்டில் எப்போதுமே நடுவில்தான் நின்றது. மேடைக்குப் போனதும் இறங்கியது. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு அறை, ஒரு உதை, ஒருமுறை மைக் ஒயரால் முதுகில்.

பிறகு ஒரு மழை பிடித்தது. மரம் விழுந்து கரன்ட் கம்பிகள் அறுந்து, நாள்கணக்கில் ஏரியாவே இருட்டு. பெட்டிக்குள் பல்பு அணைந்து கிடந்தது. கோயில் திருவிழாவுக்கு வாசிக்க வேண்டியிருந்ததால் இன்வெர்ட்டர் போட்டு சுருதி சேர்த்து எடுத்துப்போனேன். அன்று கடைசிப் பாட்டுவரை சுருதி துளிகூட அசையவில்லை. அண்ணன் மேடையிலிருந்து இறங்கி, எனக்குப் பொங்கல் தொன்னையைத் தானே கொண்டுவந்து கொடுத்தான்.

"பாத்தியா? ரெண்டு அடி விழுந்தாத்தான் விரல் ஒழுங்கா ஓடுது" என்று சிரித்தான். பக்கத்தில் நின்ற அம்மாவும் சிரித்தாள்.

அந்தத் தொன்னையை அப்படியே மேடை விளிம்பில் வைத்தேன். அவன் அடித்ததைவிட அந்தச் சிரிப்புதான் என்னை வெறிபிடிக்க வைத்தது. அன்று என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அதே வாசிப்பு, அதே ஸ்டாண்டு, அதே ஒயர். பல்பு மட்டும்தான் எரியவில்லை.

கரன்ட் வந்ததும் பல்பை எரியவிட்டேன். மறுநாள் சுடச்சுட வெளியே எடுத்து, சுருதி சேர்த்து, வராந்தாவில் கடல்காற்று படும்படி வைத்தேன். ஒரு கீயை அழுத்திக்கொண்டு போனைப் பார்த்தேன். முள் மெல்ல மெல்ல இடதுபக்கம் சாய்ந்தது. பெட்டிக்குள் வைத்துச் சூடாக்கினால் திரும்ப நடுவுக்கு வந்தது. அந்தக் காலத்து சிந்தசைசர்கள் சூட்டுக்கு ஒரு சுருதி, குளிருக்கு ஒரு சுருதி என்று நகரும். நாங்கள் அதை அடுப்பில் வைத்ததுபோல வைத்திருந்து, அந்தச் சூட்டிலேயே சுருதி சேர்த்து, சூடு ஆறுமுன் ஒத்திகையும் முடித்து, காற்றாடுகிற மேடைக்குத் தூக்கிப்போயிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கையும் வலித்தது.

பல்பைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இதப் பாரு. இந்த முள்ளு இறங்குதா? பல்புச் சூடுதான். என் விரல் இல்ல, கிடார்காரன் இல்ல. மண்டபத்துல போய் முன்னாடியே ஆன் பண்ணி வச்சு, அங்க சுருதி சேத்தாப் போதும்."

அவன் முழுவதையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்போ இத்தனை நாள் நான் உன்னைச் சும்மா அடிச்சேங்கிறியா?"

"ஆமா."

அறைந்த வேகத்தில் என் தலை கதவு நிலையில் மோதியது. காதுக்குள் கூவென்றது. "பக்வாஸ் பண்ணாதே, உளறாதே! பல்பு எரியும். நாளைக்கு ஃபங்ஷனுக்கு இது இப்படியேதான் போகும். சுருதி நின்னா டீக். நிக்கலைன்னா உன் கை" என்று கத்தினான். சிந்தசைசரைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டான். பல்பை எடுத்து, இடதுகையை விளிம்பில் ஊன்றி, வலதுகையை உள்ளே விட்டு ஹோல்டரில் திருகப்போனான்.

நானும் பார்த்துத்தான் மூடினேன்.

உள்ளே பல்பு வெடித்த சத்தமும் அவன் அலறலும் ஒன்றாகக் கேட்டன. அம்மா ஓடிவந்து என்னைப் பிடித்துத் தள்ளினாள். அவன் வலதுகையில் கண்ணாடி கீறிய ரத்தம், இடதுகையில் மூன்று விரல்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கின. எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வந்ததில்லை.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு பாடினான். மண்டபத்துக்கு நான் முன்பே போய், சிந்தசைசரை ஆன் செய்து, அங்கேயே சுருதி சேர்த்தேன். கடைசிவரை நின்றது. அவன் ஒருதடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் "சாப்டியா?" என்று கேட்டான். என் நினைவில் அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சமையலறையில் அம்மா என் காதோடு சொன்னாள்: "எப்படி அடங்கிட்டான் பாரு."

"பின்ன? ரெண்டு அடி விழுந்தாத்தான்..." என்று சிரித்தபடி ஆரம்பித்தேன். பாதியில் வாய் நின்றுவிட்டது. கோயிலில் பொங்கலோடு நின்று அவன் சொன்ன அதே பேச்சு, அதே சிரிப்பு. அவன் திருப்பி அடிப்பான் என்று நான் பயப்படவில்லை. இந்த வீட்டில் இருந்தால் நானும் அடித்துத்தான் பேசுவேன் என்று பயந்தேன்.

அந்த வாரமே ஊரின் இன்னொரு பக்கம், லம்பா லைன் பகுதியில் ஒரு அறை பார்த்துக் கிளம்பினேன். சிந்தசைசரை எடுத்துக்கொண்டேன், அவன் தடுக்கவில்லை. பெட்டியை அங்கேயே விட்டேன். மழைக்காலத்தில் கீ இடுக்குகளில் வெள்ளையாகப் பூஞ்சை வரும். துணியால் துடைத்துவிட்டு வாசிக்கிறேன்.

போன மாதம் அம்மா போன் செய்தாள். அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அந்தப் படாக் பெட்டி சும்மாதானே கிடக்கு. புதுசா பல்பு மாட்டிட்டேன். வர்ற புள்ளைக்குப் பட்டுப்புடவை வச்சுக்க ஆகும்."

"அம்மா, அந்த மூடியக் கழட்டிடு."

"மூடி இல்லாம புடவை எப்படி வைப்பா? நீ ஒரு பாகல், சரியான பைத்தியம்" என்று சிரித்தாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு டெலானிபூருக்கு பஸ் ஏறினேன்.